டார்க் ரூம் பையன் மேல் விழுந்த பழி

கல்லூரி நாட்களில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவும் வேலை பார்த்தேன். ஈர ரோலைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டு, சுருளாமல் இருக்க அடியில் இன்னொரு கிளிப் போட்டு, தூசி ஒட்டிவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விடுவோம். அதனாலோ என்னவோ, போர்க்களப் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவின் கதையை யாராவது பகிர்ந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கதை தெரிந்ததுதான். 1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய பிரான்சின் நார்மண்டி, ஒமாஹா கடற்கரை. குண்டு மழைக்கு நடுவே காபா 106 படம் எடுத்தாராம். லண்டனில், அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக ஃபிலிம் கழுவும் டார்க் ரூமில் ஒரு பையன் அவசரத்தில் உலர்த்தும் பெட்டியின் கதவைச் சாத்திவிட, சூட்டில் எமல்ஷன், அதாவது ஃபிலிமில் படம் பதியும் பூச்சு, உருகி வழிந்ததாம். மிஞ்சியது 11.

2014இல் ஏ.டி. கோல்மன் என்ற புகைப்பட விமர்சகரும் நண்பர்களும் இதைத் தோண்ட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டியின் சூட்டில் எமல்ஷன் அப்படி உருகி ஓடாது என்று காட்டினார்கள். சரி, படம் ஃபிலிமின் ஓரத்துத் துளைகள் வரை ஏறியிருக்கிறதே, எமல்ஷன் நழுவியதற்கு அது சாட்சி இல்லையா? இல்லை. தரையிறங்குவதற்கு முன்பு காபா எடுத்த நெகடிவ்களிலும் அதே ஏற்றம் இருக்கிறது. அது கேமராவுக்குள்ளேயே நடந்தது.

இன்னொன்று. 1944 ஜூன் 19 இதழில் லைஃப் என்ன எழுதியது தெரியுமா? அந்த நேரத்துப் பரபரப்பில் காபாவின் கேமரா அசைந்துவிட்டது, அதனால்தான் மங்கல் என்று. டார்க் ரூம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உருகிய கதை பிறகு வந்தது. காபாவே 1947இல் தன் நினைவுக் குறிப்பில் அதை எழுதினார்.

காபாவைக் குறைத்துப் பேசவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, நடுங்கும் கையோடு 11 படம் எடுத்ததே பெரிய விஷயம். தண்ணீரில் கிடந்து தலையை மட்டும் தூக்கி நகரும் அந்தச் சிப்பாயின் முகத்தைப் பாருங்கள். அந்தப் படத்துக்கு 106 என்ற எண் எதற்கு?

பல பத்தாண்டுகள் இந்தக் கதையைச் சொல்லிவந்தவர் அன்றைய லண்டன் படப்பிரிவு ஆசிரியர் ஜான் மோரிஸ். நூறை நெருங்கும் வயதில், உருகிப்போனதாகச் சொன்ன ரோல்களில் முதலிலிருந்தே படம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்தப் பையன் மேல் எழுபது வருடப் பழி.