பூபாளம் காலை ராகம்தான், அதனால்தான் அந்த வரி

‘இது குழந்தை பாடும் தாலாட்டு’ பாட்டில் வரும் ‘இரவு நேர பூபாளம்’ தப்பு, எழுதியவருக்கு ராகம் தெரியாது என்று மேலே ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். அதற்கு இத்தனை லைக் வேறு!

பூபாளம் விடியற்காலை ராகம், சரி. ஆனால் 1980-இல் வந்த ‘ஒருதலை ராகம்’ படத்துக்காக டி. ராஜேந்தர் எழுதிய அந்தப் பல்லவியை முழுசாகக் கேளுங்கள். தாலாட்டு பாடுவது குழந்தை. உதயம் மேற்கில். ஓடம் இருக்கிறது, நதி இல்லை. நாலுமே நடக்காத காரியம். தெரியாமல் எழுதியிருந்தால் ஒன்று தப்பலாம், வரிசையாக நாலுமா தப்பும்? இலக்கணத்தில் இல்பொருள் உவமை, அதாவது உலகத்தில் இல்லாத ஒன்றை உவமையாகச் சொல்வது, என்று படித்தோமே, அதற்குப் பங்காளி இது. படமே ஒருதலைக் காதல். கைகூடாத ஒன்றைச் சொல்ல, உலகத்தில் இல்லாததைத்தானே காட்ட வேண்டும்?

எனக்குப் பிடித்தது சரணத்தில் வரும் வடமிழந்த தேர். ஊரே கூடி வடம் பிடித்தாலும் திருவாரூர்த் தேர் ஆடி அசைந்துதான் நகரும். பாட்டில் வரும் காதலன் வடமே இல்லாமல், தனி ஆளாக, தினமும் இழுக்கிறான். நடை மறந்த கால், வடமிழந்த தேர், சிறகிழந்த பறவை என்று அடுக்கிவிட்டு, நாலாவது வரியில் உருவகத்தைக் கழற்றிப் போட்டு நேராகப் பெண்ணிடம் வந்துவிடுகிறார். எஸ்.பி.பி. அங்கே பாடுவதை ஹெட்போனில் ஒருதரம் கேட்டுவிட்டு வாங்க, பேசுவோம்.