நல்லா ஓடுற லேப்டாப்பை எதுக்குத் தூக்கிப் போடணும்?

வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அது பெரிய குற்றமில்லை, பத்து வருடம் ஓடியிருக்கிறது. எனக்கு எரிச்சல் அடுத்ததான வின்டோஸ் 11-ஐ யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான்.

2017 வாக்கில் வந்த ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதும் அந்த ரகம்தான். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, வின்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் 11 கிடையாது. 11-க்கு அனுமதிக்கிற இன்டெல் ப்ராசஸர் பட்டியல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணுகிற சிலதுக்கு மட்டும் விலக்கு. அதில் ஒன்று, மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கம்ப்யூட்டரில் இருக்கிற ப்ராசஸர்! பாதுகாப்புக்காகத்தான் இத்தனை கெடுபிடி என்கிறார்கள். சரி, அந்த ஒன்றுக்கு மட்டும் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? நன்றாக ஓடுகிற வண்டிக்கு எஃப்சி கிடையாது என்று ஷோரூம்காரனே சொல்வது போல இருக்கிறது.

கடையில் கேட்டால், "புதுசு வாங்கிடுங்க சார், எக்ஸ்சேஞ்ச் இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். வாங்கவில்லை. வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன்.

அதைப் போட்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்தால் போதும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அப்டேட் வந்தால் மூலையில் ஒரு சின்ன குறி காட்டும், அவ்வளவுதான். எப்போது ரீஸ்டார்ட் என்பது என் முடிவு.

தமிழ் தட்டச்சுதான் கொஞ்சம் படுத்தியது. கீபோர்டு செட்டிங்ஸில் நான் பழகிய தமிழ்99 என்ற விசைப்பலகை முறை இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சேர்த்தேன். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வர வேண்டும் இல்லையா? வரவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது விசைகளின் அமைப்பு மட்டும்தான். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி வைப்பது, மெய்க்குப் பின்னால் வரும் உயிரைச் சேர்த்து எழுதுவது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐபஸ்-எம்17என் என்ற பொதியைத் தனியாக நிறுவி, அதற்குள் இருக்கிற தமிழ்99-ஐச் சேர்த்தால்தான் சரியாக வருகிறது. இந்தப் பதிவு அதில் அடித்ததுதான். இந்த ஒரு விஷயத்தை எந்த லினக்ஸ் நண்பரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கேட்டால் "டெர்மினலைத் திற" என்பார்கள். ஐயா, மனுஷன் முதலில் தமிழில் நாலு வரி அடிக்கட்டும், டெர்மினலில் கட்டளை அடிப்பதை அப்புறம் பார்க்கலாம்.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஃபோட்டோஷாப் வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது ஆகாது. பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் ஃபைல்களைக் குவித்து வைத்திருக்கிறவர்கள், அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் பழகிய விசைப்பலகையில் மேற்கொண்டு அடிப்பது வேறு தலைவலி. மற்றபடி பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், நாலு கடிதம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்றிருக்கும் வீட்டுக்கு இது தாராளம்.

அண்ணன் கடையில் கணக்கெல்லாம் டேலியில். லினக்ஸுக்கென்று டேலி கிடையாது, அதனால் அந்த மெஷினை நான் தொடவில்லை. வின்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு அவரைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். அதுவும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குப் பிறகு, ஒரு பழுதும் இல்லாத அந்தக் கம்ப்யூட்டரை ஓரம்கட்டிவிட்டு அவர் புதுசு வாங்கியாக வேண்டும். அந்தக் காசை யார் தருவார்கள்?