கண்ணாடியில படிஞ்ச வெள்ளை

மூணு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நானும் பத்தாவது படிக்கிற மகனும் உக்காந்து துண்டு துண்டா ஒட்டுன பிளாஸ்டிக் மாடல் கார். 1:24 அளவு, அதாவது நெசக் கார்ல இருபத்துநாலுல ஒரு பங்கு நீளம், கதவுக் கைப்பிடி அரிசி மணியத் தண்டிதான் இருக்கும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில பசை கேட்டேன். "எல்லாத்துக்கும் இதாண்ணே"ன்னு சூப்பர் குளூவைத் தலையில கட்டிட்டாங்க.

முன்கண்ணாடிய ஒட்டி வச்சோம். காலையில பாத்தா ஓரமெல்லாம் வெள்ளை வெளேர்னு புகை படிஞ்ச மாதிரி. அந்தப் பசையோட ஆவி பட்டா கண்ணாடி பிளாஸ்டிக் அப்படித்தான் மங்கிப்போகும். அதுக்கு வெள்ளை ஃபெவிகாலே போதும். விக்கிறவுக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

பய ஒண்ணுமே பேசல. பனியன் துணியால துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டு, பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டான். போனக் கீழ போட்டுட்டு எங்கூட வந்து உக்காந்த புள்ளய்யா அவன். வயிறு எரியுது.