கடைசி எபிசோடின் வயலின் மாங்காவில் கேட்காது

‘யுவர் லை இன் ஏப்ரல்’ அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) அதன் மூலமான மாங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) வெறும் கலர் நகல், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கதை அப்படியேதான் வருகிறது, சரி. ஆனால் அதை வைத்து நகல் என்று அவர் முடிவுகட்டுவது தப்பு. (கடைசி எபிசோட் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

கதையின் நாயகன், பியானோ வாசிக்கும் கோசெய்க்கு வாசிக்கும்போதே தன் பியானோ கேட்காமல் போய்விடும். மாங்காவில் நவோஷி அரகாவா அதை அழகாக வரைந்திருக்கிறார், ஆனாலும் அது நாம் படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம்தான். அனிமேயில் ஒலி மங்கும்போது நம் காதும் அடைத்துப்போகிறது.

கடைசி மேடையில் அவன் வாசிப்பது இசையமைப்பாளர் ஷோபானின் ‘முதல் பலாட்’ என்ற படைப்பு. அது தனிப் பியானோவுக்கு எழுதியது, அதில் வயலினே கிடையாது. அவனோடு வயலின் வாசித்த கவோரி மாங்காவிலும் அங்கே வருகிறாள், ஆனால் படமாகத்தான். 2015இல் வந்த 22ஆவது எபிசோடில் அந்த பலாட்டுக்குள்ளேயே ஒரு வயலினைச் சேர்த்துவிட்டார்கள். பியானோவோடு இழைந்து வரும் அந்த ஒலிதான் அவள். அவள் மறைந்த பிறகு தனியாக மிஞ்சும் பியானோவைக் கேட்டும் இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாங்காவை நேசிக்கிறவர்கள் அந்த ஒரு எபிசோடையாவது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.