ஒரே போஸ்ட்கிரெஸ் சர்வரில் சோதனை டேட்டாபேஸ்: ஒரு திருத்தம்

அலுவலக மென்பொருளுக்குச் சோதனைச் சூழல் வேண்டுமென்றால், இயங்கிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL என்னும் டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரிலேயே இன்னொரு டேட்டாபேஸை உருவாக்கினால் போதும், இரண்டும் முற்றிலும் தனித்தனி என்று சிலர் எழுதுகிறார்கள். அட்டவணைகளைப் பொறுத்தவரை அது சரி. பயனர் கணக்குகளைப் பொறுத்தவரை சரியல்ல.

போஸ்ட்கிரெஸில் பயனர்களும் கடவுச்சொற்களும் ஒரு டேட்டாபேஸுக்கு உரியவை அல்ல. அந்தச் சர்வர் நிறுவல் முழுவதற்கும் பொது. சோதனை டேட்டாபேஸில் இருந்துகொண்டு ஒரு பயனரின் கடவுச்சொல்லை மாற்றினால், அதே பெயரில் உள்ளே நுழையும் நிஜ மென்பொருளின் அடுத்த இணைப்பு மறுக்கப்படும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் மட்டும் தொடர்ந்து ஓடும். அதனால்தான் கோளாறு உடனே தெரியாமல், யாரோ மென்பொருளை மறுதொடக்கம் செய்யும்போது தலைகாட்டுகிறது. காரணத்தைத் தேடுபவர் பாடு திண்டாட்டம்தான்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. சோதனை டேட்டாபேஸில் புதிதாக ஒரு பயனரை உருவாக்குங்கள். பிறகு நிஜ டேட்டாபேஸுக்குள் போய்ப் பயனர் பட்டியலைப் பாருங்கள். அந்தப் பெயர் அங்கேயும் இருக்கும். பார்த்ததும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

பயனர் கணக்குகளையும் பிரித்துவைக்கப் புதிய இயந்திரம் வாங்க வேண்டும் என்றில்லை. அதே இயந்திரத்தில் இரண்டாவது போஸ்ட்கிரெஸ் நிறுவலை வேறொரு போர்ட்டில் (சர்வரோடு இணைவதற்கான வாசல் எண்) ஓடவிடலாம். வழக்கமான போர்ட் 5432 என்பதால் பலரும் இதற்கு 5433-ஐ வைக்கிறார்கள். அப்போது பயனர் கணக்குகள் உண்மையிலேயே தனியாகிவிடும்.