மூலையில் உட்காரவைத்தால் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடுமா?

"பேச்சு வராத பிள்ளைதான், ஆனா தொந்தரவே கிடையாது. ஒரு மூலையில உட்காரவெச்சா சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருப்பான்." அங்கன்வாடிகளில் இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லையே என்று அம்மாவுக்கும் நிம்மதி. நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. மூன்று வயதுப் பிள்ளை சாயங்காலம் வரை அசையாமல் இருக்கிறது என்றால் எனக்குப் பகீரென்கிறது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஓர் அங்கன்வாடி நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. குறையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, மற்றப் பிள்ளைகளோடு சேர்ப்பது, சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் அதில் இருக்கிறது. கண்டுபிடிப்பதும் அனுப்புவதும் ஓரளவு நடக்கிறது. பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வந்து பார்த்து, தெரபி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்கிறது. பஸ் ஏறிப் போய்க் கொஞ்ச நேரம் தெரபி, அப்புறம் மறுபடி மூலை. நடுவில் உள்ள 'சேர்ப்பது' மட்டும் வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடுகிறது.

சேர்ப்பது என்றால் விளையாட்டில் சேர்ப்பது. வேறு எதில் சேர்ப்பது, இந்த வயதில்?

நம் பாட்டிமார் செய்த 'பருப்பு கடைதல்' ஒன்று போதும். பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல்களை மடக்கி, 'நண்டூருது நரியூருது' என்று கைமேல் ஏறி, அக்குளுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிடுங்கள். சும்மா காத்திருங்கள். முகத்தையே பார்க்காத பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் உங்கள் கையைப் பிடித்து இழுக்கலாம். "இன்னும் வேணும்" என்று அது சொல்லிவிட்டது, வார்த்தை இல்லாமலே. அவசரப்பட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டால் அது கேட்பதற்கு இடமே இருக்காது. (கிச்சுக்கிச்சு பிடிக்காத பிள்ளையும் உண்டு. அதற்கு இந்த ஆட்டம் வேண்டாம்.)

கிச்சு கிச்சு தாம்பாளமும் எனக்குப் பிடிக்கும். மணல், ஒரு சின்னக் குச்சி, எதிரெதிரே இரண்டு பேர். பேசத் தேவையில்லை, ஓடத் தேவையில்லை. ஒருவர் ஒளிக்கும்வரை இன்னொருவர் பொறுத்திருக்க வேண்டும். முறை மாறி மாறி ஆடுவதை இதைவிடச் சுலபமாக எந்த தெரபி அறையில் கற்றுக்கொடுக்க முடியும்? மணலைத் தொடவே கூசும் பிள்ளைக்குக் கையைப் பிடித்து அழுத்த வேண்டாம். முதலில் குச்சியை மட்டும் கொடுத்துக் கிளறச் சொல்லலாம்.

பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "ஒழுங்கா விளையாடு" என்று காரைப் பிடுங்குகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அதற்கு அதுதான் விளையாட்டு. பக்கத்தில் இன்னொரு காரை வைத்து நீங்களும் சுற்றுங்கள். ஒரு நாள் இல்லை ஒரு நாள் உங்கள் சக்கரத்துக்கும் அந்தக் கை வரும்.

டீச்சர்களைத் திட்டி எழுதவில்லை. ஒரு டீச்சர், ஒரு ஆயா. எடை, உயரம், சத்துமாவு, இதையெல்லாம் பதிவுசெய்ய போஷன் டிராக்கர் செயலி. இதற்கிடையில் எப்போது உட்கார்ந்து மணல் கிளறுவது? நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. ஆனால் மாதாந்திரக் கூட்டங்களில் பதிவேட்டைப் பற்றித்தான் கேள்வி, ஆட்டத்தைப் பற்றி இல்லை. கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். என்னைப் போன்ற சிறப்பாசிரியர்களையும் தெரபி அறையிலேயே உட்காரவைக்காமல் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். டீச்சர் பார்க்க நாங்கள் விளையாடுகிறோம், அடுத்த வாரம் அவர் விளையாடட்டும், நாங்கள் பார்க்கிறோம்.

"மத்தப் பிள்ளைங்க படிப்பு கெட்டுடும்" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். மூன்று வயதில் என்ன பரீட்சையோ! ஓர் அங்கன்வாடியில் நடக்க முடியாத பெண் குழந்தைக்காக, குலை குலையா முந்திரிக்காயில் எல்லாரும் தவழ்ந்துதான் துரத்த வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். மாற்றியது டீச்சர் இல்லை, பிள்ளைகள்தான். தவழ்வதில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.