கடல் வருவதற்குள் லீஸ் முடிந்துவிடும்

இடம்: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய ஒரு நான்கறை வீடு. நேரம்: ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் இரண்டு மணி, அதாவது யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேச முடியாத நேரம். சரோஜா அக்கா அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது முழுநேர வாட்ஸ்அப். முருகேசன் ஏர்கான் சர்வீஸ் செய்ய வந்திருக்கிறார், ஏணியின் மேல் நிற்கிறார். ஏணியில் நிற்பவரோடு வாதாடுவது அக்காவுக்கு வசதி. அவரால் ஓட முடியாது.

சரோஜா: ஏர்கானைப் போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது முருகேசா. இதற்கு சீலிங் ஃபேனே தேவலை.

முருகேசன்: கேஸ் குறைந்திருக்கும் அக்கா, பார்க்கிறேன். வெயிலும் மோசம். பூமியே சூடாகிக்கொண்டு வருகிறதே.

சரோஜா: நீயுமா! எங்கள் குரூப்பில் நேற்று ராத்திரி ஒரு மணிவரை இதே சண்டைதான். நான் பிறந்ததிலிருந்து சிங்கப்பூர் சூடாகத்தான் இருக்கிறது. எந்தக் காலத்தில் நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம், சொல்.

முருகேசன்: 1980இல் வருஷச் சராசரி 26.9 டிகிரி. 2020இல் 28.

சரோஜா: நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு டிகிரி! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

முருகேசன்: போன தடவை நான் வந்தபோது அண்ணன் 24இல் வை என்றார், நீங்கள் 25 என்றீர்கள். அந்த ஒரு டிகிரிக்காக ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தது யார் அக்கா?

சரோஜா: அது குடும்ப விஷயம். பருவநிலை இல்லை. புள்ளிவிவரம் எனக்கும் தெரியும். 1983 ஏப்ரலில் தெங்காவில் 37 டிகிரி. 2023 மே மாதம் அங் மோ கியோவில் எவ்வளவு? அதே 37! நாற்பது வருஷமாகப் பூமி சூடாகிறது என்கிறாய், ரெக்கார்டு அரை டிகிரிகூட ஏறவில்லையே, அது எப்படி?

(நல்ல கேள்வி. குரூப்பில் இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லி நழுவிவிட்டார்கள், அதுவும் நடு ராத்திரியில்.)

முருகேசன்: அது ஒரே ஒரு மத்தியானத்தின் உச்சம் அக்கா. ஏதோ ஒரு நாள் 37ஐத் தொடுவது வேறு, வருஷம் முழுக்க எல்லாப் பகலையும் எல்லா ராத்திரியையும் சேர்த்துச் சராசரி ஏறுவது வேறு. உச்சத்தை நீங்கள் ஃபார்வர்டு பண்ணலாம். சராசரிதான் கரண்ட் பில்லில் வரும்.

சரோஜா: 2010இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்ததே, அதையும் இந்தக் கணக்கில்தான் எழுதுவாயா? அங்கே கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டது என்று அப்போதே சொன்னார்கள்.

முருகேசன்: அதை நான் எழுதமாட்டேன். ஒரு மழையைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிடித்ததை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? கொட்டுகிற அன்றைக்குக் கால்வாயும் அடைத்திருந்தால் நம் பாடு திண்டாட்டம்தான்.

சரோஜா: அமெரிக்காவில் செனட்டரே ஒத்துக்கொள்ளவில்லை. பனியை உருண்டை பிடித்து சபைக்குள்ளேயே கொண்டு வந்து காட்டினார், வெளியே இவ்வளவு குளிர், எங்கே சூடு என்று. வீடியோ இருக்கிறது, அனுப்பவா?

முருகேசன்: ஜேம்ஸ் இன்ஹோஃப். 2015 பிப்ரவரி. பிப்ரவரியில் வாஷிங்டனில் பனி கிடைக்காமல் பலாப்பழமா கிடைக்கும்? அவர் உருண்டை பிடித்த அதே 2015தான், அதுவரை அளந்த வருஷங்களிலேயே அதிகச் சூடானது. அப்புறம் 2016 அதை முந்தியது. 2024 எல்லாவற்றையும் முந்திவிட்டது.

சரோஜா: உனக்கு எப்படி இதெல்லாம்?

முருகேசன்: ஃபில்டர் கழுவும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் அக்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அதே பாட்டைக் கேட்பது.

சரோஜா: விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையாமே?

முருகேசன்: சூடாகிறதா, நாம்தான் காரணமா என்கிற பேச்சு அவர்களுக்குள் முடிந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2021இல் எழுதிவிட்டது. எவ்வளவு வேகம், எந்த ஊருக்கு எவ்வளவு மழை, எவ்வளவு வறட்சி, அதில்தான் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அர்ரீனியஸ் என்று சுவீடன்காரர் ஒருவர், கரியமில வாயு கூடினால் எத்தனை டிகிரி ஏறும் என்று 1896லேயே பேப்பரில் கணக்குப் போட்டார்.

சரோஜா: குளிர் ஊர்க்காரர். கொஞ்சம் சூடானால் தேவலை என்று ஆசைப்பட்டுப் போட்டிருப்பார்.

முருகேசன்: உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார் அக்கா.

சரோஜா: பார்த்தாயா! எதிலும் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். பூமி சூடானால் யாருக்கு லாபம்? ஏர்கான்காரனுக்கு.

முருகேசன்: அப்படியென்றால் 'ஒன்றும் ஆகவில்லை, ராத்திரி பகலாக ஏர்கானை ஓட விடுங்கள்' என்றல்லவா நான் சொல்ல வேண்டும்? என் பிழைப்புக்கு எதிராக நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரோஜா: அதுதான் எனக்குச் சந்தேகமே. ஒருவன் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு பேசினால், அதற்குப் பின்னால் இன்னும் பெரிய லாபம் இருக்கிறது என்று அர்த்தம்.

(இந்த வாதத்துக்கு எதிரே எந்த விஞ்ஞானியாலும் நிற்க முடியாது. முருகேசன் திருப்புளியைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினார்.)

முருகேசன்: சரி, என்னை விடுங்கள். 2019 தேசிய தினப் பேரணியில், அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங், கடலோரத்தைக் காக்க அடுத்த 50, 100 வருஷத்தில் 100 பில்லியன் வெள்ளிகூட ஆகலாம் என்றார். ஐந்து காசு பிளாஸ்டிக் பைக்கே கணக்குப் பார்க்கிற ஊர் இது. 100 பில்லியனைச் சும்மாவா பேசுவார்கள்? தீவில் சுமார் 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்துக்கு மேலே 5 மீட்டர்கூட இல்லை. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை ஏறலாம் என்கிறார்கள்.

சரோஜா: 2100ஆ? இந்த வீடு 1988இல் கட்டியது. 99 வருஷ லீஸ். 2087இல் முடிகிறது. கடல் வருவதற்குள் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வீவக வந்துவிடும், எனக்கென்ன கவலை?

(முருகேசன் ஏணியில் இரண்டு படி இறங்கி வந்தார்.)

முருகேசன்: மகள் மரின் பரேடில் வீடு பார்த்தார்களே, என்ன ஆயிற்று?

சரோஜா: வேண்டாம் என்றுவிட்டேன்.

முருகேசன்: ஏன்?

சரோஜா: இரண்டாவது மாடி. கடல் பக்கம். பேரப்பிள்ளை வளரப்போகிற வீடு.

முருகேசன்: கடல்தான் வராதே?

சரோஜா: வராது. வந்துவிட்டால்?

முருகேசன்: ஃபிரிட்ஜ் புதிதாக இருக்கிறதே.

சரோஜா: அரசாங்கம் 300 வெள்ளி வவுச்சர் கொடுத்தது, அப்புறம் இன்னொரு 100. விடுவேனா?

முருகேசன்: என்ன வவுச்சர் அது?

சரோஜா: ...பருவநிலை வவுச்சர்.

முருகேசன்: இல்லாத பருவநிலை மாற்றத்துக்கா?

சரோஜா: மாற்றம் பொய். 400 வெள்ளி மெய். அதை விடு, இதற்குப் பதில் சொல். உலகம் விடுகிற மொத்தப் புகையில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடு. நான் இந்த ஏர்கானை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வட துருவத்தில் ஐஸ் உறைந்துவிடுமா? போய் அமெரிக்காக்காரனிடம் சொல், சீனாக்காரனிடம் சொல்.

(முருகேசனிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. 2015இல் பாரிசில் கூடிய நாடுகளும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடுதான் வந்தன, ஆளுக்கொரு வாக்குறுதியை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயின. அவர் வெளிப்பக்கம் போய் கம்ப்ரசரில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.)

முருகேசன்: அக்கா, போன வருஷம் ஒரு கிலோ கேஸ் ஏற்றினேன். இப்போது பார்த்தால் மறுபடியும் காலி.

சரோஜா: தீர்ந்துபோயிருக்கும்.

முருகேசன்: தீர்வதற்கு இது பெட்ரோலா? குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியது. எங்கோ கசிகிறது. இது ஆர்410ஏ என்கிற பழைய ரக கேஸ். ஒரு கிலோ வெளியே போனால் சுமார் 2 டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதனால்தான் 2022 அக்டோபரிலிருந்து இந்த கேஸ் போட்ட புது வீட்டு ஏர்கானைக் கடைகளுக்குக் கொண்டுவர இங்கே அனுமதி இல்லை.

சரோஜா: 2 டன்னா? என் படுக்கையறையிலிருந்தா?

முருகேசன்: போன வருஷம் மட்டும்.

சரோஜா: மெதுவாகப் பேசு. மேல்வீட்டு மீனாட்சிக்குக் கேட்டுவிடும். குரூப்பில் அவள்தான் எனக்கு எதிர்க்கட்சி, பூமியைக் காப்பாற்றுகிறாளாம், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோ போடுகிறாள்.

முருகேசன்: அவர்கள் வீட்டுக்கும் நான்தான் சர்வீஸ்.

சரோஜா: அட, முன்னாலேயே சொல்லக் கூடாதா? உட்கார், ஐஸ் மைலோ கலக்கித் தருகிறேன். அவள் வீட்டில் எத்தனை டன்?

முருகேசன்: அதெல்லாம் சொல்லக் கூடாது அக்கா. வாடிக்கையாளர் விஷயம்.

சரோஜா: எண்ணிக்கை வேண்டாம்பா. நம் வீட்டைவிடக் கூடவா குறைவா, அதை மட்டும் சொல்.